மறுகா என்றால் 'மறுபடியும்' இல்லை

லண்டனிலும் அதைச் சுற்றியும் இருக்கிற மட்டக்களப்பு, அம்பாறை ஊர் ஒன்றியங்களுக்கும் கோயில் நிர்வாக சபைகளுக்கும் ஒரு திறந்த மடல்

அன்பின் அண்ணன்மாரே, அக்காமாரே,

போன மாதம் நம் ஊர் ஒன்றியத்தின் வட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்பதிவு வந்தது. பேசியவர் யார் என்று எழுதப் போவதில்லை, அவருக்கே தெரியும். "இங்கிலீஷ் ஒரு சொல் தெரியாம ஏன் வாறானுகள்? மொழியைப் படிச்சிட்டு வரட்டும். இவனுகளால எங்களுக்கும் பேர் கெடுது." கீழே 17 கட்டைவிரல்கள். எண்ணித்தான் பார்த்தேன்.

அந்த அண்ணன் 1990இல் போனவர். அவருடைய பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொடுத்தது என் அப்பா. படிவத்தில் கையெழுத்தைத் தவிர மற்றதெல்லாம் அப்பாவின் ஆங்கிலம். இப்போது மட்டக்களப்பு நகரின் கோட்டமுனையில் அதே மேசையில் நான் இருக்கிறேன், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக. இதை உறைக்கச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் உறைக்கத்தான் சொல்கிறேன்.

சில வருசங்களுக்கு முன் வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையிலிருந்து ஒரு தாய் வந்தார். மகனின் அகதிக் கோரிக்கையை நிராகரித்த கடிதம் அவருடைய கைபேசியில் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் கிடந்தது. எந்த நாடு என்று சொல்ல மாட்டேன், பிள்ளை இன்னும் அங்கேதான். "ஏன் மனே இல்லையெண்டு சொல்றானுகள்? ஒள்ளுப்பம் வாசிச்சுச் சொல்லு" என்றார். ஒள்ளுப்பம் என்றால் நம்மூரில் 'கொஞ்சம்'.

முதல் விசாரணையில் பையன் சொன்னது இதுதான்: "வீட்ட வந்து விசாரிச்சாங்க. மறுகா பிடிச்சிக் கொண்டு போனாங்க." நமக்கு மறுகா என்றால் 'பிறகு'. யோசிக்காமலே வாயில் வந்து விழுகிற சொல். உரைபெயர்த்தவர் எந்த ஊர்க்காரரோ தெரியாது, அவர் காதில் அது 'மறுபடியும்' என்று விழுந்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'மறுபடியும் பிடித்துக்கொண்டு போனார்கள்' என்று பதிவாகிவிட்டது. இரண்டாவது விசாரணையில் எத்தனை தடவை பிடித்தார்கள் என்று கேட்டதற்கு, ஒரு தடவை என்றான். முரண்பாடு ஒன்று.

அடுத்தது 'பாதை'. "பாதையில ஏறித் தப்பி வந்தன்" என்றிருக்கிறான். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் நடுவே ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவையை நாம் பாதை என்றுதானே சொல்கிறோம். ஆங்கிலத்தில் அது வீதியாகிவிட்டது. அதிகாரி வரைபடத்தை எடுத்துப் பார்த்திருக்கிறார், அவன் சொன்ன இடத்தில் தண்ணீர். முரண்பாடு இரண்டு. பெரியம்மாவின் மகனை அண்ணன் என்றது மூன்றாவது, ஏனென்றால் குடும்ப விபரத்தில் அவனுக்குச் சகோதரரே இல்லை.

ஆகவே அவன் சொல்வதை நம்ப முடியாது என்று கடிதம் முடிகிறது. அவன் ஒரு பொய்யும் சொல்லவில்லை, நம்மூர்த் தமிழில் சொன்னான், அவ்வளவுதான். சட்டத்தரணி கேட்டதன்பேரில் மூன்று சொல்லுக்கும் விளக்கம் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அந்தத் தாய் கொண்டுவந்த தயிர்ச் சட்டியை மட்டும் வேண்டாமென்று சொல்ல முடியவில்லை.

உங்கள் நாட்டில் நடக்கிற வாதம் இங்கேயும் காதில் விழுகிறது. 2025 மே 12 அன்று குடிவரவு வெள்ளை அறிக்கையை வெளியிட்டபோது, நாடு 'அந்நியர்களின் தீவு' ஆகிவிடக்கூடும் என்று பிரதமர் ஸ்டாமர் பேசினார். பிறகு அந்தச் சொல்லுக்காக அவரே வருந்தினார். பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பது அதே ஆண்டு யூலை 22இல் நின்றது. திறன்சார் வேலை விசாவுக்கு 2026 ஜனவரி 8 முதல் பி2 தர, அதாவது நடுத்தரத்துக்கு மேலான, ஆங்கிலம் வேண்டும். வேலைக்கு வருகிறவரிடம் மொழி கேட்பதில் எனக்கு வழக்கில்லை. மொழியை விற்றுச் சாப்பிடுகிறவன் மொழி வேண்டாம் என்பானா? ஆனால் அந்தக் குரல்பதிவு வேலைக்கு வருகிறவனையும் உயிருக்கு ஓடி வருகிறவனையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, துன்புறுத்தலுக்கு அஞ்ச நியாயமான காரணம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறது. அதில் மொழிப் பரீட்சை கிடையாது.

மொழியை வைத்து ஆளை நிறுப்பது நமக்குப் புதிதா? 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தால் வேலையும் பதவியுயர்வும் போனவர்கள் உங்கள் அப்பாமாரிலும் பெரியப்பாமாரிலும் இருந்தார்கள். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. இன்றைக்கும் சிங்களத்தில் வந்த கடிதத்தைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு ஆட்கள் வருகிறார்கள்.

1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் தத்தளித்த கதையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கஸ் டால்ட்டன் என்ற மீனவர் முதலில் கண்டு கரைசேர்க்க உதவினார். இந்தியாவிலிருந்து வந்தோம் என்றார்கள். மேற்கு ஜேர்மனியிலிருந்து கப்பலேறியது சில நாளில் வெளிவந்ததும் கனடாவில் பெரிய கூச்சல் எழுந்தது. இவர்கள் சொன்னது உண்மையிலேயே பொய். என்றாலும் கனடா திருப்பி அனுப்பவில்லை.

நாமும் சுத்தமில்லை, அதையும் எழுதத்தான் வேண்டும். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து குடும்பங்கள் நம் பக்கத்துக்கும் வந்து குடியேறின. அவர்கள் பேசுவதும் தமிழ்தான். ஆனாலும் 'தோட்டக்காட்டான்' என்றோம், வகுப்பில் அவர்கள் பேச்சைப் பழித்துப் பேசிச் சிரித்தோம். சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

2024 டிசம்பரில் முல்லைத்தீவுக் கரையில் ரோகிங்கியா மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் ஒரு படகில் வந்து ஒதுங்கினார்கள். அவர்கள் பேச்சு கரையில் நின்றவர்களுக்குப் புரியவில்லை. சாப்பாடும் தண்ணீரும் கொடுப்பதற்கு அது தடையாக இருக்கவில்லை. அகதிகளா, ஆட்கடத்தலா என்ற விவாதம் அதற்குப் பிறகுதான் கொழும்பில் தொடங்கியது.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. உங்களில் ஆங்கிலமும் நம்மூர்ப் பேச்சும் ஒன்றுபோல வருகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களின் பெயர்களை அகதி வழக்குப் பார்க்கிற சட்டத்தரணிகளிடம் கொடுத்து வையுங்கள். புதிதாக வருகிற பெடியளிடம், உரைபெயர்ப்பவர் சொல்வது விளங்காவிட்டால் அந்த இடத்திலேயே வாய்திறந்து சொல்லச் சொல்லுங்கள். அதிகாரிக்கு முன்னால் தலையை ஆட்டிவிட்டு வருகிற பழக்கம் நம்மிடம் நிறைய. விசாரணைப் பதிவின் பிரதி கைக்கு வந்ததும் நம்மூர் ஆள் ஒருவர் கூட இருந்து வாசிக்கட்டும். அப்புறம், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி நடக்கிறதே, பிள்ளைகள் படிக்கிற அந்த 2 மணித்தியாலத்துக்கு அதே கட்டிடத்தில் ஒரு அறையைத் திறந்து, வந்து சேர்ந்தவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுங்கள். மொழி படிக்கட்டும் என்று சொன்ன அந்த அண்ணனே தொடங்கி வைத்தால் முதல் கட்டைவிரல் என்னுடையது.

என் பங்குக்கு ஒரு கொப்பியில் நம்மூர்ச் சொற்களை ஆங்கில விளக்கத்தோடு எழுதி வருகிறேன். மறுகா, ஒள்ளுப்பம், பாதை எல்லாம் முடிந்துவிட்டன. 'தலையாட்டி'யில் நிற்கிறேன். படையினரின் சுற்றிவளைப்பில் ஊராட்களை வரிசையாக நிறுத்தியதும், முகத்தை மூடிக்கொண்டு இருந்த ஒருவன் தலையசைத்தால் ஆள் போய்விடும் என்பதை எத்தனை வரியில் எழுதுவது? உங்களில் யாராவது அங்கே ஒரு அதிகாரிக்கு அதை விளங்கவைத்திருந்தால், என்ன சொல்லி விளங்கவைத்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். அந்த வரியை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கோட்டமுனையிலிருந்து உங்கள் தம்பி