மண் கால்சட்டை

லாஹ்தி, பின்லாந்து
அக்டோபர்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. சோம்பலில் தள்ளிப்போடவில்லை. செப்டம்பர் பிறந்தால் நான் வேலை பார்க்கும் குழந்தைகள் பகல் காப்பகத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே சமயத்தில் மூக்கொழுகும். துடைத்துத் துடைத்து வீடு திரும்பினால் பேனா பிடிக்கத் தெம்பிருக்காது. நுண்ணுயிரியலில் எம்.எஸ்சி. படித்தவள் கடைசியில் நுண்ணுயிரிகளைக் காகிதத்தில் ஒற்றிக் குப்பையில் போடுகிறாள் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள்.

பேத்தியைப் பற்றி எழுதியதைப் படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. மூன்று வயதுக் குழந்தை கரப்பான் அரிப்பில் முழங்கை மடிப்பைச் சொறிந்துகொண்டு ராத்திரியெல்லாம் விழித்திருப்பதைப் பார்ப்பது கொடுமை. இப்போது வீசிங் வேறு. "நாமெல்லாம் கும்பகோணத்துக் கொல்லையில் மண்ணில் புரண்டோம், நமக்கு ஒன்றும் வரவில்லை. இவள் ஏழாவது மாடியில் வளர்வதால்தான் இப்படியா? மண்ணில் விட்டால் சரியாகிவிடுமா?" என்று கேட்டிருந்தாய். ஒன்றும் வரவில்லை என்கிறாயே, உன் பெரிய மாமா இழுப்போடு திண்ணையில் உட்கார்ந்தே தூங்கியது மறந்துவிட்டதா? ஆனாலும் உன் சந்தேகம் வெறும் கிழவிப் பேச்சு இல்லை. முப்பது வருஷத்துக்கு மேலாகப் பெரிய பெரிய ஆட்கள் இதைத்தான் துருவிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆரம்பித்து வைத்தவர் டேவிட் ஸ்ட்ராச்சன் என்ற பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர். 1958இல் பிரிட்டனில் ஒரே வாரத்தில் பிறந்த 17,000க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை வைத்து, அண்ணன் அக்கா அதிகம் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மகரந்த ஒவ்வாமை குறைவு என்று 1989இல் எழுதினார். மூத்தவர்களிடமிருந்து தொற்றும் சளி காய்ச்சல்தான் காக்கிறதோ என்பது அவர் ஊகம். அதற்குச் 'சுகாதாரக் கருதுகோள்' என்று பெயர் விழுந்தது. அந்தப் பெயர்தான் எல்லாவற்றையும் கெடுத்தது என்பேன். அழுக்காக இருந்தால் நல்லது, கை கழுவாதே என்று ஜனங்கள் புரிந்துகொண்டார்கள். பிறகு 2003இல் கிரஹாம் ரூக் என்பவர் அதைத் திருத்தினார். நம்மைக் காப்பது அம்மையோ சளியோ இல்லை, மனிதன் தோன்றிய காலத்திலிருந்து மண்ணிலும் தண்ணீரிலும் குடலிலும் நம்மோடு கூடவே வந்த, பெரும்பாலும் தீங்கில்லாத உயிர்கள்தான் என்றார். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் 'பழைய நண்பர்கள்'. படித்ததும் உன்னைத்தான் நினைத்தேன். பெரிதாக ஒன்றும் செய்யமாட்டாய், ஆனால் இல்லாவிட்டால் என் புத்தி கண்டபடி பாயும்.

இதற்கு நான் பார்த்தவற்றிலேயே தெளிவான சாட்சி இந்த ஊருக்குக் கிழக்கே இருக்கிறது. கரேலியா என்று ஒரு பிரதேசம். இரண்டாம் உலகப் போரில் பெரும்பகுதி சோவியத் பக்கம் போய்விட, அங்கிருந்த பின்லாந்துக்காரர்கள் நான்கு லட்சம் பேருக்கு மேல் இந்தப் பக்கம் வந்தார்கள். லாஹ்தியிலும் நிறையக் குடும்பங்கள் வந்து குடியேறின. இப்போது எல்லைக்கு இரு பக்கமும் அதே பனி, அதே பிர்ச் மரம், ரத்தத்திலும் ஓரளவு நெருங்கிய ஜனங்கள். ஆனால் 1990களின் கடைசியிலிருந்து பின்லாந்து ஆராய்ச்சியாளர்கள் இரு பக்கத்து ஜனங்களையும் சோதித்தபோது, ரஷ்யப் பக்கம் ஒவ்வாமை பல மடங்கு குறைவு. அங்கே பிழைப்பு பழைய மாதிரி: வீட்டுத் தோட்டம், கிணறு, ஆடு மாடு. இந்தப் பக்கம் எல்லாம் பளிச்.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. இல்க்கா ஹன்ஸ்கி என்று ஒரு சூழலியலாளர் இருந்தார். வாழ்நாளெல்லாம் தீவுகளில் பட்டாம்பூச்சி எண்ணியவர். அவரும் தாரி ஹாதேலா என்ற அலர்ஜி டாக்டரும் கைகோத்தார்கள். கிழக்குப் பின்லாந்தில் 118 பதின்வயதுப் பிள்ளைகளின் தோலில் இருந்த பாக்டீரியாக்களையும், அவர்கள் வீட்டைச் சுற்றி இருந்த செடிகொடிகளையும் சேர்த்துக் கணக்கெடுத்தார்கள். 2012இல் முடிவு வந்தது. ஒவ்வாமைக்கான உணர்திறன் இருந்த பிள்ளைகளின் வீட்டைச் சுற்றித் தாவர வகை குறைவு. தோலில் காமாப்புரோட்டியோபாக்டீரியா என்ற கூட்டத்தின் வகைகளும் குறைவு. ஆக, கணக்கு முற்றத்தில் தொடங்குகிறது, தோல் வழியாகப் போகிறது. பட்டாம்பூச்சிக்காரர் இல்லாமல் ஒரு டாக்டருக்கு இது தோன்றியிருக்குமா?

கொல்லை என்றாயே, அதற்கும் அமெரிக்காவில் ஒரு கதை உண்டு. ஆமிஷ், ஹட்டரைட் என்று ஐரோப்பாவிலிருந்து போன இரண்டு சமயக் குழுக்கள். இருவரும் விவசாயிகள், பரம்பரையும் நெருக்கம். ஆமிஷ்காரர்கள் குதிரை பூட்டி உழுவார்கள், மாட்டுக்கொட்டகை வீட்டை ஒட்டி. ஹட்டரைட்டுகள் பெரிய இயந்திரப் பண்ணை வைத்திருப்பார்கள், மாடு எங்கோ தூரத்தில். 2016இல் வந்த ஆய்வு ஆமிஷ் பிள்ளைகளில் ஆஸ்துமா 5.2 சதவீதம், ஹட்டரைட் பிள்ளைகளில் 21.3 சதவீதம் என்று சொல்கிறது. இரு தரப்பு வீட்டுத் தூசியையும் எலிகளின் மூக்கில் விட்டுப் பார்த்தார்கள். ஆமிஷ் தூசி எலியை ஆஸ்துமாவிலிருந்து காப்பாற்றியது, மற்றது காப்பாற்றவில்லை. உங்கள் பாட்டி வீட்டுச் சாணி வாசனையை நினைத்துக்கொண்டேன்.

இப்போது ஆராய்ச்சி போகும் திசை வேறு. எந்தக் கிருமி இருக்கிறது, இல்லை என்று பட்டியல் போட்டது போதும், எந்த வயதில், என்ன வேலை செய்கிறது என்பதே கேள்வி. கனடாவில் 319 குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்தார்கள். பின்னால் ஆஸ்துமா அபாயம் தெரிந்த குழந்தைகளுக்கு மூன்று மாதத்தில் நான்கு வகை பாக்டீரியாக்கள் குறைவாக இருந்தன. ஒரு வயதுக்குள் அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. அதாவது, பாடம் நடக்கும் வகுப்பு முதல் சில மாதங்களிலேயே முடிந்துவிடுகிறது போலும். பின்லாந்து, எஸ்தோனியா, ரஷ்யக் கரேலியா என்று மூன்று இடத்துக் குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். அது சர்க்கரை நோய்க்காகத் தொடங்கிய வேலை, ஒவ்வாமையும் சேர்ந்துகொண்டது. இந்தப் பக்கக் குழந்தைகளின் குடலில் பாக்டீராய்ட்ஸ் என்ற பாக்டீரியாவின் ஆதிக்கம். அதன் மேலுறையில் உள்ள பொருள் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்புவதில்லை. ரஷ்யப் பிள்ளைகளிடம் ஈ.கோலை அதிகம், அது தட்டி எழுப்பும். இளம் எதிர்ப்புச் சக்திக்கு யாராவது தட்டவேண்டும் போல. எழுப்ப ஆளில்லாமல் வளர்ந்தது, பின்னால் மகரந்தத்தைப் பார்த்தும் கத்தி எடுக்கிறது.

சரி, உன் பவுடருக்கு வருவோம். நல்ல பாக்டீரியா சேர்த்த அந்த விலையுயர்ந்த புரோபயாடிக் பாக்கெட்டை வாங்கலாமா என்றாய். 2001இல் இந்த நாட்டில்தான் கர்ப்பிணிகளுக்கும் பிறந்த குழந்தைகளுக்கும் ஒரு லாக்டோபாசிலஸ் கொடுத்துப் பார்த்தார்கள். கரப்பான் பாதியாகக் குறைந்தது, உலகமே துள்ளியது. 2008இல் ஜெர்மனியில் அதே பாக்டீரியாவை வைத்துச் செய்தபோது பலன் பூஜ்யம். பன்றிக் குடல்புழுவின் முட்டையை விழுங்க வைத்தும் டென்மார்க்கில் பார்த்துவிட்டார்கள், மூக்கொழுகல் நிற்கவில்லை. ஒற்றை விருந்தாளியை வீட்டுக்குள் விட்டால் ஊர் ஆகிவிடாது. அந்தப் பணத்துக்கு நல்ல மாய்ஸ்சரைசர் வாங்கு. டாக்டர் கொடுத்த களிம்பையும் இன்ஹேலரையும் நிறுத்தாதே, இதில் மட்டும் என்னோடு வாதாடாதே.

இன்னொன்று, முட்டையும் நிலக்கடலையும் நீயாகவே நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தாய். ஏன்டி? சோதனை செய்தாயா? லண்டனில் ஒவ்வாமை அபாயம் உள்ள 640 கைக்குழந்தைகளில் பாதிப் பேருக்குச் சின்னதிலிருந்தே கடலை கொடுத்தார்கள். 2015இல் வந்த முடிவின்படி, கொடுத்தவர்களில்தான் கடலை ஒவ்வாமை வெகுவாகக் குறைவு. இங்கே அரசு 2008இலிருந்து பத்து வருஷம் ஒரு திட்டம் நடத்தியது. ஒதுக்கி ஒதுக்கி வாழ்வதை விட்டுப் பழக்கிக்கொள்வது என்பதுதான் அதன் சாரம். எங்கள் சமையலறைச் சுவரில் 'இவனுக்குப் பால் கூடாது, இவளுக்குத் தக்காளி கூடாது' என்ற பட்டியல் ஒரு காலத்தில் பாய் நீளத்துக்குத் தொங்கும். இப்போது ஒரு தாள். ஆனால் உன் பேத்திக்கு ஏற்கெனவே கரப்பான் இருப்பதால் திரும்பக் கொடுக்குமுன் டாக்டரிடம் கேள், நீயாகச் சோதனை செய்யாதே.

மண்ணுக்கு வருகிறேன். இங்கே மழையோ பனியோ, தினமும் பிள்ளைகளை வெளியே விட்டே ஆகவேண்டும். 'குராஹோசுத்' என்று ஒரு ரப்பர் கால்சட்டை உண்டு, நேர்ப் பொருளே சேற்றுக் கால்சட்டை. அதை மாட்டிக்கொண்டு குட்டையில் உட்காருவார்கள். பிறகும் ஏன் இந்த நாட்டில் இத்தனை ஒவ்வாமை? முற்றத்தைப் பார்த்தால் தெரியும்: ஜல்லி, மணல், ரப்பர் பாய். சேறு இருக்கிறது, அதில் உயிர்தான் இல்லை. லாஹ்தியிலும் தம்பெரேயிலும் சில காப்பகங்களில் (எங்களுடையது இல்லை, எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்) காட்டுத் தரையையே பெயர்த்து வந்து பரப்பினார்கள். பாசி, குட்டைப் பழச்செடிகள், புல்தரை எல்லாம். 28 நாள் பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். தோலில் பாக்டீரியா வகைகள் பெருகின, ரத்தத்தில் அழற்சியை அடக்கும் பக்கம் தராசு சாய்ந்தது. 2020இல் வெளிவந்தது. மொத்தம் 75 பிள்ளைகள்தான், ஒவ்வாமை குறைந்ததா என்று அதில் பார்க்கவும் இல்லை. ஆனால் பாக்கெட்டை விட்டு முற்றத்துக்கு வந்தார்களே, அது எனக்குச் சந்தோஷம்.

ஆக, உன் கேள்விக்கு: வந்துவிட்ட கரப்பானை மண் ஆற்றாது. ஆனாலும் அவளை வெளியே விடு. செடி அடர்ந்த இடமாக, நாய் அசுத்தம் செய்யாத இடமாகப் பார். கால் வெறுமையாக வேண்டாம், நம் ஊர் மண்ணில் கொக்கிப்புழு உண்டு, அது வேறு வகை நண்பன். புண் வெடித்திருக்கும் நாளில் வேண்டாம். திரும்பியதும் குளிப்பாட்டி, ஈரம் காயுமுன் களிம்பு. பால்கனியில் நாலு தொட்டி வை, அவளே கிளறட்டும்.

இங்கே பழைய துணிக் கடையில் சேற்றுக் கால்சட்டை சல்லிசாகக் கிடைக்கிறது. டிசம்பரில் வரும்போது ஒன்று எடுத்து வருகிறேன், சென்னையில் உங்களுக்கு அப்போது மழை விட்டிருக்காது. அளவு குழந்தையின் உயரத்தை வைத்துத்தான். 92ஆ 98ஆ என்று தெரியவில்லை. சுவரோரம் நிறுத்தி அளந்து எழுது.

அன்புடன்,
மல்லிகா