கண்ணாடிக் கண்காரர்

அன்புள்ள கயலுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை, வேலையை விட்டுவிட்டு நாடகத்துக்கே போய்விடலாமா என்று நீ போனில் சொன்னதற்கெல்லாம் "சரி, பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். அப்படி இல்லை. எனக்குப் போனில் பேச்சு வராது.

உன் குரல் கரகரப்பாக இருக்கிறது, மேடைக்கு ஆகாது என்று யாரோ கழித்துவிட்டாராமே. அதற்கு ஒருவர் கதை சொல்கிறேன். ராத்திரி தூக்கம் பிடிக்காமல் நான் டிவியில் பார்க்கும் கொலம்போ என்ற அமெரிக்கத் துப்பறியும் தொடர் உனக்குத் தெரியும். கசங்கிய மழைக்கோட்டும் பழைய பெஜோ காருமாக வந்து கொலைகாரர்களைப் பிடிப்பாரே, அந்த கொலம்போவாக நடித்தவர்தான் பீட்டர் ஃபால்க். கோட்டு அவருடைய சொந்தக் கோட்டாம். இத்தனை வருஷம் பார்த்தும் எனக்குத் தெரியாது, அவருக்கு வலது கண் கண்ணாடிக் கண். மூன்று வயதில் விழித்திரையில் புற்றுநோய் வந்து எடுத்துவிட்டார்கள். பள்ளியில் பேஸ்பால் ஆடும்போது நடுவர் தவறாக அவுட் கொடுத்தார் என்று, அந்தக் கண்ணைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தாராம்! உன் வாய்த்துடுக்கு நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது வேறு விஷயம். அவர் நம்ம ஆள். நிர்வாகவியலில் முதுகலை படித்துவிட்டு, கனெக்டிகட் மாநில பட்ஜெட் அலுவலகத்தில், ஹார்ட்ஃபோர்டு ஊரில் வேலை பார்த்தவர். நான் கருவூலத்தில் 31 வருஷம் தள்ளிய அதே மாதிரி வேலை. சாயங்காலங்களில் உள்ளூர் நாடகக் குழு. வாராவாரம் வெஸ்ட்போர்ட்டுக்குக் காரோட்டிப் போய், ஈவா லெ காலியென் என்ற பெரிய நடிகையிடம் வகுப்பு. அது தொழில்முறை நடிகர்களுக்கு மட்டும். இவர் பொய் சொல்லிச் சேர்ந்தவர். எப்போதும் லேட். ஒருநாள் அந்தம்மா, ஏன் லேட் என்று கேட்டார். ஹார்ட்ஃபோர்டிலிருந்து வருகிறேன் என்றார். அங்கே நாடகமே கிடையாதே, எப்படிப் பிழைக்கிறாய் என்று அடுத்த கேள்வி. நான் நடிகனே இல்லை என்று ஒப்புக்கொண்டார். "அப்படியானால் ஆகிவிடு" என்றாராம் அந்தம்மா. 1956இல் வேலையை விட்டுவிட்டு நியூயார்க் போய்விட்டார்.

இதைப் படித்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏனென்றால் லேட்டாக வந்தவர்களிடம் நானும் ஏன் என்று கேட்டிருக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்காமல். மூன்று லேட்டுக்கு அரை நாள் விடுப்பு, அவ்வளவுதான்.

அப்புறம் அவருக்கும் சுலபமாக அமையவில்லை. கொலம்பியா ஸ்டுடியோ முதலாளி, இதே காசுக்கு இரண்டு கண்ணுள்ள நடிகர் கிடைப்பார் என்று திருப்பி அனுப்பினாராம். ஆனால் 1960, 1961 படங்களுக்கு அடுத்தடுத்து ஆஸ்கர் பரிந்துரை. கொலம்போவாக முதலில் வந்தது 1968இல், கடைசியாக 2003இல். டிவி நடிப்புக்குத் தரும் எம்மி விருது மொத்தம் ஐந்து. கடைசிக் காலத்தில் மறதி நோய் வந்து, 2011இல் 83 வயதில் போய்விட்டார்.

வேலையை விடு என்றோ விடாதே என்றோ நான் சொல்லப்போவதில்லை. அவர் காலம் வேறு, உன் வாடகை வேறு. கையில் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது என்று மட்டும் எழுது. அது கருவூலத்துப் புத்தி, போகாது.

ஒத்திகைக்கு தினமும் லேட்டாகிறது என்றாயாம். ஆபீசில் எத்தனை மணிக்கு விடுகிறார்கள்? அங்கிருந்து என்ன பஸ்?

நாடகத் தேதியையும் அம்மாவிடம் சொல். ரயிலில் இப்போதே போட்டால்தான் இரண்டு கீழ் பெர்த் கிடைக்கும்.

அன்புடன்,
அப்பா