இதில் டிஸ்க் போட முடியாது: சேலத்துக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலத்தில் கேம் கன்சோல் விற்கும் கடைக்காரர்களுக்கு,

வணக்கம்.

நடந்தது என்ன என்று உங்களில் ஒருவருக்கு நன்றாகவே தெரியும். அங்கே வாங்கிய, டிஸ்க் போட முடியாத கேம் பெட்டி ஒன்றுக்காக மூன்று முறை அவர் கடைப்படி ஏறியிருக்கிறேன். மூன்றாம் முறை போனபோது கல்லாவில் இருந்தவர் என்னைப் பார்த்ததுமே போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அந்தப் போன் அடிக்கவே இல்லை. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. பிழைப்பைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை. வேறு இரண்டு கடைகளிலும் விசாரித்துப் பார்த்தேன், அங்கேயும் கதை பெரிதாக மாறவில்லை. அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றே ஒன்று. கேம் டிஸ்க் போட வழியில்லாத கன்சோலை, அதாவது டிவியில் மாட்டி கேம் ஆடும் பெட்டியை, அலமாரியில் வைத்தால், விலைச் சீட்டுக்குப் பக்கத்திலேயே "இதில் டிஸ்க் போட முடியாது" என்று தமிழில் எழுதி வையுங்கள். நான்கே வார்த்தை.

எனக்கு ஏற்காட்டில் சின்னதாக ஒரு காபித் தோட்டம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறேன். இந்த வருஷம் மிளகு கொஞ்சம் கைகொடுத்தது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு இரண்டு வருஷமாகச் சொல்லி வந்த வாக்கு ஒன்று பாக்கி இருந்தது. எந்தக் கம்பெனிப் பெட்டி என்பதில்தான் வீட்டில் ஒரு தேர்தலே நடந்தது.

என் ஓட்டு நிண்டெண்டோவுக்கு. 1990களில் வளர்ந்தவனுக்கு வேறு எதற்கு இருக்கும்? நாங்கள் ஆடியது அசல் நிண்டெண்டோ இல்லை, அதைப் பார்த்துச் செய்த டிவி கேம். மஞ்சள் கேசட்டில் 9999 கேம் என்று போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் மரியோவும் காண்ட்ராவும் பெயர் மாறி மாறி வரும். ஓடவில்லை என்றால் கேசட்டை உருவி, வாயால் ஊதி, மறுபடி சொருகுவோம். இன்றைக்கும் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் பெட்டிக்குக் கேம் கையில் பிடிக்கிற மாதிரி ஒரு சின்ன அட்டையில் வருகிறது என்பதில் எனக்கொரு நெகிழ்ச்சி. ஆனால் அந்தக் கம்பெனி இங்கே நேரடியாக விற்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியை நீங்கள் சொல்லும் விலைக்குத்தான் வாங்கியாக வேண்டும். மகள் ஒரே வரியில் என்னைத் தோற்கடித்தாள்: "ரிப்பேர்னா யாருகிட்டப்பா போவோம்?"

மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸுக்கும் அவள் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தாள். மைக்ரோசாஃப்டைக் குறை சொல்ல அவளுக்கு மனமில்லை. அதன் சீரிஸ் எக்ஸ் மாடலில் 2001இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸின் டிஸ்குகளில்கூடச் சிலவற்றைப் போட்டு ஆடலாம். பழசை மதிக்கிற குணம் அது. சீரிஸ் எஸ் விலை குறைவு, ஆனால் டிஸ்க் வாயே கிடையாது. 512 ஜிபி என்று போட்டிருந்தாலும் கேமுக்குக் கிடைப்பது 364தான். மாதச் சந்தா கட்டினால் நூற்றுக்கணக்கான கேம் என்கிறார்கள். எல்லாமே இணையத்தில் இறங்கி வர வேண்டியவை. எங்கள் மலையில் மழை இறங்கும், மூடுபனி இறங்கும். கேம் இறங்காது.

கடைசியில் சோனியின் பிளேஸ்டேஷன் ஜெயித்தது. காரணம் தொழில்நுட்பம் எதுவும் இல்லை, என் மச்சான்தான். பெங்களூரில் இருக்கிற அவர் தன்னுடைய பழைய பிளேஸ்டேஷன் 4 டிஸ்குகள் 11ஐ ஒரு ஷூ டப்பாவில் போட்டு, "பாப்பாவுக்குக் குடுங்க மாப்ள" என்று கொடுத்துவிட்டார். பிளேஸ்டேஷன் 5இல் அநேகமாக எல்லா பிளேஸ்டேஷன் 4 கேமும் ஓடும். பெட்டிக்கு மட்டும் காசு, கேம் 11ம் இலவசம். விவசாயி கணக்கு வேறெப்படி இருக்கும்?

எனக்கும் சோனி மேல் தனியாக ஒரு பிரியம் வந்துவிட்டது. 2013 ஜூனில் மைக்ரோசாஃப்ட் தன் புதுப் பெட்டியில் ஒருவர் வாங்கிய டிஸ்கை இன்னொருவருக்குக் கைமாற்றக் கட்டுப்பாடு வைக்கப்போவதாகச் சொல்லியிருந்தது. அப்போது சோனி, கேமை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்று விளக்க ஒரு வீடியோ வெளியிட்டது. ஒருவர் டிஸ்கை நீட்டுகிறார். இன்னொருவர் வாங்கிக்கொள்கிறார். முடிந்தது வீடியோ. சில நாட்களிலேயே மைக்ரோசாஃப்ட் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. மச்சானின் ஷூ டப்பா என் வீட்டுக்கு வந்தபோது எனக்கு அந்த வீடியோதான் ஞாபகம் வந்தது.

இவ்வளவும் படித்துவிட்டுத்தான் மலையிறங்கி வந்தேன். உங்கள் அலமாரியில் இரண்டு பெட்டி பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, ஒன்றுக்கொன்று பத்தாயிரம் வித்தியாசம். என்ன வித்தியாசம் தம்பி என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதாங்கண்ணா. அது கொஞ்சம் குண்டா இருக்கும், இது ஸ்லிம்மு. நீங்க இதையே எடுத்துக்கோங்க" என்றார் உங்கள் பையன். பெட்டி மேல் டிஜிட்டல் எடிஷன் என்று ஆங்கிலத்தில் இருந்தது உண்மைதான். செய்த கம்பெனி ஒளிக்கவில்லை. ஆனால் டிஜிட்டல் என்றால் என்ன நினைப்போம்? கடிகாரம் டிஜிட்டல், தராசு டிஜிட்டல், என் வீட்டு மின் மீட்டரும் டிஜிட்டல். டிஸ்க் வாய் இல்லை என்பதற்கு டிஜிட்டல் என்று பெயர் என எந்த அகராதியில் பார்ப்பது?

அன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்கு வீடு சேர்ந்தேன். மகள் தரையில் போர்வை விரித்து, அதன் மேல் பெட்டியை வைத்துப் பிரித்தாள். கையில் முதல் டிஸ்க் தயாராக இருந்தது. முன்பக்கம் தடவிப் பார்த்தாள். பின்பக்கம் திருப்பினாள். நிமிர்த்தி வைத்தாள், படுக்க வைத்தாள். "மூடி எதாச்சும் இருக்கும்பா" என்று மொபைல் டார்ச்சை அடித்து விளிம்பெல்லாம் தேடினாள். விரல் நுனியில் டிஸ்கை மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் தேடினாள். எனக்கு ஐந்து நிமிஷத்திலேயே புரிந்துவிட்டது. சொல்ல வாய் வரவில்லை. அவளாகவே கடைசியில் டிஸ்கை டப்பாவில் வைத்து மூடி, "பரவால்லப்பா, டவுன்லோட் பண்ணிக்கலாம்" என்றாள். அந்தப் "பரவால்லப்பா"வுக்கு உங்கள் விலைச் சீட்டில் இடமில்லை.

டவுன்லோட் என்ன லட்சணம் என்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் வானம் தெளிவாக இருக்கும் நாளில் வினாடிக்கு 4 மெகாபிட் வரும். பெரிய கேம் ஒன்று 100 ஜிபி. இடையில் அறுபடாமல் இறங்கினாலே 55 மணி நேரத்துக்கு மேல். அதுவும், டிஸ்க் கையில் இருக்கிறது என்பதற்காக அந்தக் கேமைச் சும்மா தர மாட்டார்கள். மறுபடி காசு கட்டி வாங்க வேண்டும். டிஸ்க் இருந்தாலும் அப்டேட் என்று கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், மறுக்கவில்லை. கொஞ்சத்துக்கும் 100 ஜிபிக்கும் வித்தியாசம் உண்டுதானே?

இப்போது நாங்கள் என்ன செய்கிறோம் தெரியுமா? பெட்டியைப் பழைய கம்பளியில் சுற்றி, பைக்கில் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அம்மாப்பேட்டையில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். அங்கே ஃபைபர் இணைப்பு இருக்கிறது. ராத்திரி முழுக்க இறக்கிவிட்டு, மறுநாள் மறுபடி 20 வளைவு ஏறுகிறேன். கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போடக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி. அக்கா கேட்கிறார், "ஏன்டா, இத வெளையாடறதுக்கு வாங்குனியா, சொமக்கறதுக்கா?"

மாற்றித் தரச் சொல்லிக் கேட்டபோது, பில்லின் அடியில் விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று அச்சடித்திருப்பதைக் காட்டினீர்கள். அது தமிழில் இருந்தது! கொட்டை எழுத்தில், தெள்ளத் தெளிவாக, ஒற்றுப்பிழைகூட இல்லாமல். உங்களுக்கு வேண்டியது என்றால் தமிழ் வருகிறது, எங்களுக்கு வேண்டியது என்றால் மட்டும் அச்சகத்தில் எழுத்து தீர்ந்துவிடுகிறது. இந்த மாடலுக்குத் தனியாக டிஸ்க் டிரைவ் வாங்கி மாட்டலாமே என்று நானே இணையத்தில் பார்த்துச் சொன்னேன். உங்கள் பையனுக்கு அது செய்தியாக இருந்தது. ஸ்டாக் இல்லை, சென்னையில் கேளுங்கள் என்றார். கூடுதல் வாரண்டி, ஹெச்டிஎம்ஐ கேபிள், கண்ட்ரோலருக்கு ரப்பர் உறை எல்லாவற்றையும் அன்றைக்கு மூச்சு விடாமல் விளக்கியவர் அவர்தான்.

பொருளில் பழுது என்றால் சட்டம் பேசலாம். என் பெட்டியில் பழுதே இல்லை. செய்தவர்கள் சொன்னபடி அப்படியே வேலை செய்கிறது. பழுது கவுண்டரில் சொன்ன வார்த்தையில் இருந்தது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண் எனக்கும் தெரியும். இன்னும் கூப்பிடவில்லை.

ஊர் உலகமே இப்படித்தான் போகிறது என்பீர்கள். போகிறதுதான். பிளேஸ்டேஷன் 5 ப்ரோவே டிஸ்க் டிரைவ் இல்லாமல்தான் வந்தது. நான் உருகிய நிண்டெண்டோகூட ஸ்விட்ச் 2இல் சில கேம்களுக்கு அட்டையில் வெறும் சாவியை மட்டும் வைத்து, கேமை இணையத்தில் இறக்கிக்கொள்ளச் சொல்கிறது. ஊதிப் பார்க்கக்கூட அதில் ஒன்றுமில்லை. ஆனால் அமெரிக்காவில், கலிபோர்னியாவில், 2025 ஜனவரியிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. டிஜிட்டல் கேமை விற்கும்போது, நீங்கள் பெறுவது உரிமம்தான், பொருளே உங்களுடையது ஆகிவிடாது என்று வாங்கும் முன்பே தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அங்கே அரசாங்கம் சட்டம் போட்டுச் சொல்ல வைக்கிறது. நான் உங்களிடம் ஒரு அட்டையும் ஒரு ஸ்கெட்ச் பேனாவும்தான் கேட்கிறேன்.

கோபத்தில் சில வார்த்தை கூடுதலாக வந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையனைத் திட்டிவிடாதீர்கள், அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. என் பெட்டியை மாற்றித் தர வேண்டும் என்றுகூட இப்போது கேட்கவில்லை. மலையிலிருந்தும் ஓமலூர், ஆத்தூர் பக்கமிருந்தும் உங்களை நம்பித்தான் வருகிறோம். தயவுசெய்து எழுதி வையுங்கள்: இதில் டிஸ்க் போட முடியாது.

வரும் சனிக்கிழமை அக்கா வீட்டுக்கு மறுபடி இறங்குகிறேன், அடுத்த கேமுக்காக. மகள் தன் கையெழுத்தில் 12 அட்டை எழுதித் தந்திருக்கிறாள், தூரத்திலிருந்தே தெரிகிற சிவப்பு மையில். கடைக்கு இரண்டாகக் கொண்டு வருகிறேன். பசையும் என்னுடையது. ஒட்ட இடம் மட்டும் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஏற்காட்டிலிருந்து ஒரு வாடிக்கையாளர்