பட்டுப்புடவைக்கு எந்த நடனம்?

கிளாஸ்கோ

அன்புள்ள கமலா,

பதில் போடாமல் இருந்ததற்கான வசவைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன். முதலில் செய்தி. அடுத்த மாதம் இங்கே ஒரு கல்யாணம். பெண் இந்த ஊர்க்காரி, மாப்பிள்ளை கோயம்புத்தூர். மாலை விருந்தில் கெய்லி நடனம், அதாவது இந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் கூட்டமாகச் சேர்ந்து ஆடும் நாட்டுப்புற ஆட்டம். அதற்கு நான்தான் காலர். மைக்கைப் பிடித்துக்கொண்டு, யார் எந்தப் பக்கம் திரும்புவது என்று சொல்லிக்கொண்டே இருக்கும் உத்தியோகம். நம் டிரில் டீச்சர் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

ஸ்காட்லாந்துக்காரர்களைப் பற்றிக் கவலையில்லை. பள்ளியிலேயே கிறிஸ்துமஸுக்கு முன் விளையாட்டு வகுப்பில் இதையெல்லாம் பழக்கிவிடுகிறார்கள். விமானம் ஏறி வரும் அத்தைகளும் சித்திகளும்தான் கவலை. வழக்கமாக முதலில் ஆடுவது கே கோர்டன்ஸ். ஜோடி நடனம், கடைசியில் ஆணும் பெண்ணும் அணைத்தபடி சுழல வேண்டும். பெரியத்தையை அதில் இறக்கிவிட்டால் சம்பந்தமே முறிந்துவிடும்!

ஆகவே டேஷிங் ஒயிட் சார்ஜென்ட்டில் தொடங்குகிறேன். இதைவிடப் புத்திசாலியான நடனம் கிடையாது. மூன்று பேர் கைகோத்து நிற்பார்கள், எதிரே இன்னொரு மூவர். மூவருமே பெண்களாக இருக்கலாம், நடுவில் பாட்டியை நிறுத்தலாம். ஆறு பேரும் வட்டமாக இடப்பக்கம் எட்டு அடி, திரும்ப எட்டு அடி. நடுவில் இருப்பவர் வலப்பக்கத்தவரோடு ஒரு சுற்று, இடப்பக்கத்தவரோடு ஒரு சுற்று. பிறகு மூவரும் எட்டுப் போட்டுப் பின்னுவார்கள். முடிவில் ஓர் அணி கையைத் தூக்க, மற்ற அணி அதன் கீழே நுழைந்து அடுத்த மூவரிடம் போய்விடும். 32 தாளக்கட்டுக்கு ஒருமுறை எதிரே புது முகங்கள். அறிமுகப்படுத்த ஆளே வேண்டாம்.

இசையில்லாமல் ஒருமுறை நடத்திக் காட்டுவேன். அக்கார்டியன் தொடங்கிய பிறகு, அடி மாறும்போது சொன்னால் போச்சு. எட்டாவது தாளக்கட்டு முடிவதற்குள் அடுத்த ஏவல் வாயைவிட்டுப் போயிருக்க வேண்டும், அதுவும் இரண்டே சொல்லில். எல்லோருக்கும் பிடிபட்டதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். சிரிக்காதே.

விளையாட்டில்லை கமலா, ஒன்று மட்டும் தூக்கத்தைக் கெடுக்கிறது. மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆர்க்னித் தீவு முறை ஸ்டிரிப் த வில்லோ நடனம் வேண்டுமென்று பிடிவாதம் பிடிக்கிறார்கள். மண்டபத்து நீளத்துக்கு இரண்டு வரிசை. முழங்கை கோத்து ஒவ்வொருவரோடும் சுழன்றபடியே கீழ்க்கோடிவரை இறங்க வேண்டும். வேகம் ஏறிக்கொண்டே போகும். கொசுவம் தடுக்கினால்? சாவித்திரி விழுந்து படுத்தபிறகு எனக்கு இதெல்லாம் வேடிக்கையாகத் தோன்றுவதில்லை. அதைக்கூட, புடவை கட்டியவர்கள் நின்று கை தட்டுங்கள் என்று சொல்லிச் சமாளிப்பேன். ஆனால் சித்திகள் கேட்பார்களா? இரண்டு நடனம் ஆடி ருசி கண்டபின் அவர்கள்தான் முதலில் வரிசைக்கு ஓடுவார்கள். கையில் டஜன் கணக்கில் கண்ணாடி வளையல் இருக்கும். உடைந்தால் இரண்டு பேர் கையும் கிழியும். இங்கே வாட்ச்சைக் கழற்றுங்கள் என்று மைக்கில் சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை. கல்யாண வீட்டில் சுமங்கலிகளிடம் வளையலைக் கழற்றுங்கள் என்று எந்த வாயால் சொல்வேன்?

வருஷா வருஷம் கும்மிக்கு ஆள் சேர்ப்பவள் நீ. வளையல்மேல் கைக்குட்டை கட்டிக்கொள்ளச் சொன்னால் ஒப்புக்கொள்வார்களா? இல்லை, பெரியத்தையை முன்கூட்டியே பிடித்து அவர் வாயாலேயே சொல்லவைப்பதா? உடனே எழுது. வசவைத் தனித் தாளில் எழுது, வீட்டில் எல்லோரும் படிப்பார்கள்.

அன்புடன்,
ராஜி