தெருவுக்கு முன்பே வந்த வீட்டைப் பற்றி

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தெரு முனையில் உள்ள பழைய கல் வீட்டைத் தாங்கள் வாங்கியிருப்பதையும், அதை இடித்துவிட்டு மாடி வீடு கட்டவிருப்பதையும், இடித்தெடுக்கும் கற்களைக் கொண்டே மதில் எழுப்பலாம் என்று எண்ணுவதையும் சென்ற வாரம் என்னிடம் சொன்னீர்கள். வாசலில் நின்றபடி "நல்ல யோசனைதான்" என்று நானும் தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்தது முதல் அது உறுத்திக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

அந்த வீடு தெருவுக்கு இணையாக இல்லாமல் சற்றுத் திரும்பி நிற்பதைத் தங்கள் பொறியாளர் ஒரு குறையாகச் சொன்னார் என்றீர்கள். என்னைக் கேட்டால், அவ்வீட்டின் மதிப்பில் பெரும்பகுதி அந்தத் திரும்பலில்தான் இருக்கிறது. மனைகள் பிரிக்கப்படுவதற்கு முன்பு, இது வெறும் விளைநிலமாக இருந்தபோது, ஓடைக்குச் சென்ற வண்டிப்பாதை ஒன்று இவ்வழியே போயிருக்கிறது. பழைய நில அளவை வரைபடத்தில் அது புள்ளிக்கோடாகத் தெரிகிறது. வீட்டின் முன்சுவர் அந்தக் கோட்டுக்குத்தான் இணையாக நிற்கிறது. பாதையின் மேல் வீடுகள் எழுந்துவிட்டன, ஓடையும் குழாய்க்குள் போய்விட்டது. நம் புறநகரின் முந்தைய தோற்றத்துக்குத் தரைக்கு மேல் எஞ்சியிருக்கும் சாட்சி அந்தச் சுவர் ஒன்றே. கற்களைப் பெயர்த்து மதிலில் அடுக்கினால் கற்கள் பிழைத்துக்கொள்ளும். அவை எந்தத் திசை நோக்கி நின்றன என்ற செய்தி போய்விடும். ஒரு நினைவுச்சின்னத்தை அது நிற்கும் இடத்திலிருந்தும் அதன் வரலாற்றிலிருந்தும் பிரிக்க முடியாது என்று பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான பன்னாட்டு நெறிமுறையான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் சொல்வதும் இதைத்தான். அதே சாசனம், காலப்போக்கில் பண்பாட்டு மதிப்புப் பெற்ற எளிய கட்டடங்களும் தன் வரையறைக்குள் அடங்கும் என்று முதல் பிரிவிலேயே கூறிவிடுகிறது.

"அரண்மனையா, கோயிலா, வெறும் இரண்டு அறை வீடுதானே" என்றீர்கள். பெரிய மாளிகைகளுக்குக் கட்டடக்கலைஞர் வரைந்த படங்கள் இருக்கும், கணக்கேடுகள் இருக்கும், உரிமையாளரின் கடிதங்களும் இருக்கும்; மாளிகையே விழுந்தாலும் அதைப் பற்றி ஏதாவது தெரிந்துகொள்ள வழி உண்டு. கையில் கிடைத்த கல்லை வைத்து, வரைபடம் எதுவுமின்றி, ஓர் உழவரும் ஒரு கொத்தனாரும் சேர்ந்து கட்டிய வீட்டுக்கு அத்தகைய ஏடு எதுவும் கிடையாது. அந்த வீடேதான் அதன் ஏடு.

அதை எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். மூலைக்கற்கள் மட்டும் சீராகச் செதுக்கப்பட்டிருக்க, இடையில் உள்ளவை கிடைத்த வடிவிலேயே வைக்கப்பட்டிருக்கின்றன. கூலியை எங்கே செலவிடுவது, எங்கே மிச்சம் பிடிப்பது என்று கட்டியவர் கணக்குப் பார்த்திருக்கிறார். மேலே போகப் போகக் கற்கள் சிறுத்துக்கொண்டே வருவது, தூக்கி வைத்தவர்களின் தோள்வலியைச் சொல்கிறது. கல்லிடைச் சாந்தை விரல் நகத்தால் கீறிப் பாருங்கள். மாவாக உதிரும், இடையிடையே அரிசி அளவில் வெள்ளைக் கட்டிகள் தென்படும். சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் ஏறக்குறைய 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டு, நீரூற்றி நீற்றி, மணலுடன் குழைத்தபோது சரியாகக் கலவாமல் நின்றுவிட்ட சுண்ணாம்பு அது.

இந்தச் சாந்து கல்லைவிட மென்மையாக இருப்பதைப் பலவீனம் என்று நினைத்துவிட வேண்டாம். சுவர் இழுத்துக்கொண்ட ஈரம் அதன் வழியேதான் ஆவியாகி வெளியேறுகிறது. மேற்குச் சுவரில் முந்தைய உரிமையாளர் யாரோ சிமென்ட் பூசிய ஒரு முழ அகலப் பகுதியைச் சுற்றி மட்டும் கல்லின் முகம் ஏடு ஏடாகப் பெயர்ந்திருக்கிறது. சிமென்ட் அடைத்துக்கொண்டதால் ஈரம் கல்லின் வழியே வெளியேறுகிறது. அதில் கரைந்துள்ள உப்பு, கல்லின் மேற்பரப்புக்கு அடியிலேயே படிகமாகி அதை உடைக்கிறது. அக்கறையோடு செய்த வேலைதான், மருந்துதான் தவறு. மணல் பீய்ச்சிச் சுவரைப் 'புதிதாக்கும்' யோசனையை யாராவது சொன்னாலும் தயவுசெய்து ஏற்க வேண்டாம்; கல்லின் தோலோடு உளித் தழும்புகளும் போய்விடும்.

தங்கள் குடும்பத்துக்கு இரண்டு அறைகள் போதாது என்பதை நான் மறுக்கவில்லை. முன்சுவரை மட்டும் முகமூடிபோல் நிறுத்திவிட்டுப் பின்னால் எல்லாவற்றையும் புதிதாகக் கட்டும் சமரசத்தில் எனக்கு உடன்பாடில்லை. அதற்கு இடித்துவிடுவதே நேர்மை என்றுகூடத் தோன்றுகிறது. ஆனால் பின்புறம் மனை நீளமாகக் கிடக்கிறது. பழைய கூரைக்குமேல் தலை நீட்டாமல், பழைய சுவரில் ஒரு வாசல் அளவுக்கு மட்டும் தொட்டுக்கொண்டு, புதியது புதியதாகவே தெரியும்படி அங்கே விரிவாகக் கட்டலாம். தேவையான அளவுக்குச் செய்யுங்கள், மற்றபடி இயன்றவரை குறைவாக மாற்றுங்கள் என்பதே பழைய இடங்களைப் பாதுகாப்பதற்காக 1979இல் ஆஸ்திரேலியாவில் உருவான பர்ரா சாசனத்தின் அணுகுமுறை. பயன்பாட்டில் இருக்கும் வீட்டில் ஒழுகும் கூரையை உடனே கவனிப்பார்கள் என்பதால், அதில் தாங்கள் குடியிருப்பதைவிட நல்ல பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை.

பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இவ்வீடு இல்லை. ஆகவே தங்களைத் தடுக்கச் சட்டம் வராது, நானும் புகார் எழுதப் போவதில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். இடிக்கும் ஆட்களிடம் நாள் குறிப்பதற்கு முன், ஒரு நாள் காலையில் என்னோடு கால் மணி நேரம் அந்த முன்சுவரின் எதிரே நில்லுங்கள். வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும் அந்த வேளையில்தான் உளித் தழும்புகள் ஒவ்வொன்றாகத் தெரியும். மூலைக்கற்களில் அவை வலமிருந்து இடமாகச் சரிந்திருக்கும், வாசலுக்கு இடப்புறம் உள்ள நான்கு கற்களில் மட்டும் மறுபக்கம் சரிந்திருக்கும். அந்த நான்கையும் வேறொரு கை செதுக்கியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். தாங்களும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மூன்று வீடு தள்ளி வசிப்பவன்