அப்டேட்டில் வெட்டுப்பட்ட தமிழ்ப் பெயர்கள், மாறிப்போன நேரங்கள்: புகார்

சென்னை-91,
16.6.2025

அனுப்புநர்:
தங்கள் சந்தாதாரர்,
மடிப்பாக்கம், சென்னை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: மே மாத அப்டேட்டுக்குப் பிறகு என் பறவைப் படங்களின் தமிழ்க் குறிச்சொற்கள் சிதைந்ததும், படம் எடுத்த நேரங்கள் மாறியதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நான் அரசுப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. 2014 முதல் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முட்டுக்காடு, வேடந்தாங்கல், பழவேற்காடு என்று விடுமுறை நாட்களில் சுற்றிப் பறவைகளைப் படம் எடுத்து வருகிறேன். இதுவரை சுமார் 41,000 படங்கள் சேர்ந்திருக்கின்றன. அவற்றைத் திருத்தவும் அடுக்கி வைக்கவும் ஏழு ஆண்டுகளாக உங்கள் மென்பொருளுக்குத்தான் சந்தா கட்டி வருகிறேன். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.

மே கடைசி வாரத்தில் நீங்கள் அனுப்பிய அப்டேட்டை நிறுவினேன். என் படங்களின் விவரங்களை வைத்திருக்கும் கேட்லாக்கைப் புதிய வடிவத்துக்கு மாற்ற வேண்டும் என்று கேட்டது, சரி என்றேன். இரண்டு மணி நேரம் ஓடியது. முடிவில் "மேம்படுத்தல் வெற்றிகரமாக முடிந்தது" என்ற செய்தி வந்தது. பிழை என்று ஒரு எச்சரிக்கைகூட இல்லை. அதை நம்பி அன்றைக்கு வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன்.

ஜூனில் பள்ளி திறந்ததும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சதுப்பு நிலம் பற்றிப் பாடம். என் வகுப்பில் படம் தேடுவது பிள்ளைகளின் வேலை. அவர்களே பெயரைத் தட்டச்சு செய்து தேடுவார்கள். முக்குளிப்பான், நாமக்கோழி, அரிவாள் மூக்கன், சங்குவளை நாரை என்று எல்லாப் பறவைக்கும் தமிழ்ப் பெயரைத்தான் குறிச்சொல்லாகக் கொடுத்து வைத்திருக்கிறேன். ஊர்ப் பெயரும் அப்படியே. அன்று ஒரு மாணவி "பள்ளிக்கரணை சதுப்பு நிலம்" என்று தேடினாள். ஒரு படமும் வரவில்லை. 6,000 படங்களுக்கு மேல் வர வேண்டிய இடம் அது.

வீட்டுக்கு வந்து குறிச்சொல் பட்டியலைத் திறந்து பார்த்தேன். "பள்ளிக்கரணை சதுப்பு நி" என்று இருந்தது, அதன் பின்னால் ஒரு கட்டம். கீழே "வேடந்தாங்கல் பறவைகள் ச", மறுபடி ஒரு கட்டம். சின்னப் பெயர்கள் எல்லாம் அப்படியே இருந்தன. நீளமான ஒவ்வொரு பெயரும் நடுவில் வெட்டுப்பட்டிருந்தது. ஊர், மாதம், பறவை செய்யும் காரியம் மூன்றையும் சேர்த்து நான் எழுதி வைத்த குறிச்சொற்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. அதில் ஒன்றுகூடத் தப்பவில்லை. வெட்டிய பிறகு முன்பாதி ஒன்றாகவே இருந்த பெயர்களை உங்கள் மென்பொருள் ஒரே குறிச்சொல்லாகவும் சேர்த்துவிட்டது. எனவே எந்தப் படம் எதைச் சேர்ந்தது என்பதை இனி அந்தப் பட்டியலை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) மென்பொருள் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து பார்த்தார். படங்களுக்குள் குறிச்சொல் எழுத 1990களின் தொடக்கத்தில் வந்த ஐ.பி.டி.சி. என்ற பழைய முறையில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்தான் இடம். பைட் என்பது கணினியில் சேமிக்கும் இடத்தின் அலகு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழில் க என்பதற்கு மூன்று, கி என்று எழுதினால் ஆறு, புள்ளிக்கும் தனியாக மூன்று. அவர் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார்: "பள்ளிக்கரணை சதுப்பு நிலம்" 71 பைட். 64இல் வெட்டினால் சரியாக "நி" வரைக்கும் வந்து, அடுத்த எழுத்தின் ஒரு துண்டு மிஞ்சும். அந்தத் துண்டுதான் கட்டமாகத் தெரிகிறது. இதே இடம் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் பாதியைக்கூடத் தொட்டிருக்காது. பின்னால் வந்த எக்ஸ்.எம்.பி. முறையில் இந்த எல்லையே கிடையாது, அதில் என் பெயர்கள் முழுதாகத்தான் இருந்தன. அப்டேட்டின்போது பழைய முறையில் வெட்டிய பெயர்களை எடுத்து, நன்றாக இருந்த எக்ஸ்.எம்.பி. ஃபைல்களின் மேலேயே எழுதியிருக்கிறீர்கள். ஒரு வார்த்தை கேட்காமல்.

நேரத்தின் கதை இதைவிட மோசம். என் பழைய கேமரா படம் எடுத்த நேரத்தை மட்டும் எழுதும், எந்த நாட்டு நேரம் என்று எழுதாது. அப்டேட் அதை இந்திய நேரம் என்று வைத்துக்கொண்டு, உலகப் பொது நேரத்துக்கு மாற்றி, ஐந்தரை மணி நேரம் கழித்துவிட்டது. மே மாதத்தில் சென்னையில் 6 மணிக்கு முன்னாலேயே சூரியன் எழுந்துவிடும். கொக்குகள் கிளம்புவதைப் பார்க்க 5 மணிக்கே பள்ளிக்கரணையில் நிற்பேன். 5:20க்கு எடுத்த படம் இப்போது முந்தைய நாள் இரவு 11:50 என்று காட்டுகிறது. தேதியே மாறிப்போனது. ஒவ்வொரு பொங்கலுக்கும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் நான் தரும் பட்டியலை இந்தப் படங்களின் நேரத்தோடு ஒப்பிட்டுத்தான் சரிபார்ப்பேன். அது இனி நடக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தது நினைவிருக்கும். அப்போது அங்கே போய், சிறகெல்லாம் கறுத்துப்போன கூழைக்கடாக்களைப் படம் எடுத்தேன். என் வாழ்க்கையில் மனசு கனத்து எடுத்த படங்கள் அவை. எந்த நாள், எத்தனை மணி, எந்தக் கரை என்பது இல்லாவிட்டால் அவை வெறும் சோகப் படங்கள். அந்த விவரங்கள் இருந்தால் பதிவு. மாலை 4 மணிக்கு, மேற்கு வெயிலில் எடுத்த படத்தை உங்கள் மென்பொருள் காலை 10:30 என்கிறது. நிழல் ஒரு பக்கம், நேரம் இன்னொரு பக்கம். நாளைக்கு யாராவது இந்தப் படம் பொய் என்றால் நான் என்ன பதில் சொல்வது?

உங்கள் சேவை எண்ணில் பேசிய தம்பி மரியாதையாகவே பேசினார். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் அவர் சொன்ன தீர்வு: "எல்லாப் படத்தையும் செலக்ட் பண்ணி அஞ்சரை மணி நேரம் கூட்டிடுங்க மேடம்." 2022க்குப் பிறகு நான் மொபைலிலும் படம் எடுக்கிறேன். அது நேர மண்டலத்தைச் சேர்த்தே எழுதுவதால் அந்தப் படங்கள் மாறவில்லை. மொத்தமாகக் கூட்டினால் சரியாக இருப்பவையும் கெட்டுப்போகும். கேமரா கடிகாரம் தவறாக ஓடிய நாட்களில் நானே கையால் திருத்திய படங்களும் உண்டு. எதை மாற்றினீர்கள், எதை மாற்றவில்லை என்பது உங்கள் மென்பொருள் எழுதிய பதிவுக்குத்தான் தெரியும். குறிச்சொற்களுக்கு அவர் சொன்ன வழி: "இனிமே இங்கிலீஷ்ல போட்டுக்கோங்க." என் பிள்ளைகள் முக்குளிப்பானை முக்குளிப்பான் என்றுதான் தேடுவார்கள். அதை நான் மாற்ற மாட்டேன்.

படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகளை அகற்றும் புதிய வசதி (நாய்ஸ் நீக்கம்) தானாகவே பழைய படங்களில் இயங்கி இறகுகளை மெழுகு மாதிரி வழவழப்பாக்கியது பற்றித் தனியாகப் புகார் சொல்லவில்லை. அதை அணைத்துவிட்டேன், சரியாகிவிட்டது.

உள்ள வழி ஒன்றுதான். ஜனவரியில் எடுத்த கேட்லாக் காப்பு ஒன்று என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதில் பெயர்கள் முழுதாக இருக்கும். ஆனால் புதிய பதிப்பு அதைத் திறக்கும்போது மறுபடியும் மாற்றச் சொல்கிறது, மாற்றினால் மறுபடியும் வெட்டுகிறது. பழைய பதிப்பை உங்கள் தளத்திலிருந்து எடுத்துவிட்டீர்கள். இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கும் உதவவில்லை. அது தினமும் இரவு முதல் டிஸ்க்கை அப்படியே நகல் எடுப்பதால் கெட்டுப்போனதையும் நகல் எடுத்துவிட்டது.

ஆகவே நான் கேட்பது: பழைய பதிப்பின் நிறுவல் ஃபைலை உடனே அனுப்புங்கள், அதற்கு நீங்கள் எதையும் புதிதாக எழுத வேண்டியதில்லை. அப்டேட் எந்தெந்தப் படத்தின் நேரத்தை மாற்றியது என்ற பட்டியலையும், அவற்றை மட்டும் திருப்பும் வழியையும் கொடுங்கள். 64 பைட் வெட்டை நிறுத்தும் திருத்தம் வரும்வரை, தமிழ் போன்ற மொழிகளில் குறிச்சொல் வைத்திருப்பவர்கள் மேம்படுத்த வேண்டாம் என்று எல்லாச் சந்தாதாரர்களுக்கும் எழுதுங்கள். என்னைப் போல எத்தனை பேர் இன்னும் பட்டியலைத் திறந்தே பார்க்காமல் இருக்கிறார்களோ தெரியாது. ஜனவரிக்குப் பிறகு எடுத்த 2,300 படங்களுக்கு நான் மறுபடியும் உட்கார்ந்து பெயர் போட வேண்டும். அதற்கு ஈடாக இந்த ஆண்டுச் சந்தாவைத் திருப்பித் தருவது நியாயம்.

ஜூலை 1க்குள் எழுத்து மூலம் பதில் வேண்டும். வராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் சென்னையில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். வெட்டுப்பட்ட குறிச்சொல் பட்டியலின் படமும், ஜனவரி காப்பில் உள்ள அதே பட்டியலை என் மாணவர் தனியாக எடுத்துத் தந்த அச்சும் இத்துடன் இணைத்துள்ளேன். உங்கள் பதில் வரும்வரை அந்தக் காப்பைத் தொடாமல் வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்,
மடிப்பாக்கம்.