பிச்சாவரத் திட்டுகளில் மாணவர் பணி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஜூலை 26, உலக அலையாத்திக் காடுகள் நாளையொட்டி, மாணவர்களைப் பிச்சாவரத் திட்டுகளுக்குப் படகில் அழைத்துச் சென்று கன்று நடச் செய்யும் கல்லூரிகளின் அக்கறையை மனமார வரவேற்கிறேன். ஆனால், வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் மாதங்கள் இருக்கையில், நிலத்தில் உப்பு ஏறிக் கிடக்கும் பருவத்தில், ஒரே நாளில் நட்டுவிட்டுத் திரும்புவதால் காடு மீளுமா என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இக்காடு எவ்வாறு அழிந்தது என்பதிலேயே அதற்கு விடை இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து 1970கள் வரை பகுதி பகுதியாக மரங்கள் மொத்தமாக வெட்டப்பட்டன. வெயில் பட்ட சேற்று நிலம் காய்ந்து தாழ்ந்து பள்ளமாகியது. ஓத நீர், அதாவது கடலேற்றத்தில் வரும் நீர், உள்ளே வந்து வெளியேற வழியின்றித் தேங்கி ஆவியாக, எஞ்சிய உப்பில் உமரி என்னும் உப்புநிலச் செடியைத் தவிர வேறெதுவும் தழைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து, மீன் முள் வடிவில் வாய்க்கால்களை வெட்டி ஓத நீரை ஏறி இறங்கச் செய்த பின்னரே வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரத்தின் கன்றுகள் அங்கு வேர்பிடித்தன. அந்த வாய்க்கால்களில் வண்டல் படிந்துகொண்டே இருக்கும். தூர்வாராமல் விட்டால் நிலம் பழைய நிலைக்கே திரும்பும். மாணவர்களின் உடலுழைப்பு பெரிதும் தேவைப்படுவது இந்தப் பணிக்குத்தான்.

நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் ஒருவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. வனத்துறையின் அனுமதியோடு ஒவ்வொரு கல்லூரியும் ஒரே திட்டை ஏற்று, மழைக்கு முன் தூர்வாரி, மழைக்காலத்தில் நட்டு, வேர்களில் சிக்கும் நெகிழியையும் அறுந்த வலைகளையும் அவ்வப்போது அகற்றி வந்தால், அந்த மணிகள் காட்டுக்கே பயன்படும். ஓதத்தின் போக்கையும் கால் வைக்கத் தகுந்த சேற்றையும் அறிந்த இருளர்களையும் மீனவர்களையும் வழிகாட்டிகளாக அமர்த்தி, உரிய கூலி கொடுப்பது கட்டாயம். அவர்கள் மீனும் இறாலும் பிடிக்கும் இடத்தில்தான் நாம் வேலை செய்கிறோம்.

உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற இச்சதுப்பு நிலத்தில் பணியாற்றும் கல்லூரிகள், தங்கள் ஆண்டறிக்கையில் நட்ட கன்றுகளின் எண்ணிக்கையோடு, ஓராண்டு கழித்து உயிருடன் இருப்பவற்றின் எண்ணிக்கையையும் வெளியிட வேண்டுமெனத் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர்,
கடலூர்.